முறிந்த இடமும் முதற்காரணமும்: இந்தியாவைச் சார்ந்த மூன்று வானூர்தி விசாரணைகள் (1953–2005)

ஆய்வுச் சுருக்கம்

பறந்துகொண்டிருக்கும் விமானம் வானிலேயே சிதைந்தால் அதன் காரணத்தைக் கண்டறியும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானது. அம்முறையின் வரலாற்றில் இந்தியாவைச் சார்ந்த மூன்று நிகழ்வுகள் முக்கிய இடம் பெறுகின்றன. 1953இல் கல்கத்தாவை அடுத்த ஜகல்கோரியில் வீழ்ந்த காமெட் விமானம், 1955இல் தென்சீனக் கடலில் வீழ்ந்த ‘காஷ்மீர் பிரின்சஸ்’, 1985இல் அயர்லாந்துக்கு அப்பால் சிதைந்த ‘கனிஷ்கா’ என்பன அவை. ‘காரணம்’ என்று ஒரே சொல்லால் குறிக்கப்படுவது, உண்மையில் வெவ்வேறு சான்றுகளால் வெவ்வேறு உறுதியுடன் விடையளிக்கப்படும் நான்கு வினாக்களின் தொகுப்பு என்பதை இம்மூன்று விசாரணைகளின்வழி இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: வானூர்தி விபத்து, முறிவுப் பரப்பு, உலோகச் சோர்வு, காமெட், காஷ்மீர் பிரின்சஸ், கனிஷ்கா, கிர்பால் விசாரணை மன்றம்.

முன்னுரை

விமான விபத்துகளுள் பெரும்பாலானவை தரையிறங்கும்போதோ மேலெழும்போதோ நிகழ்பவை. அவற்றில் ஓடுபாதை, விமானியின் செயல், வானிலை, இயந்திரம் ஆகியவற்றை விசாரணையாளர் ஓரிடத்திலேயே ஆராய முடியும். வானில் சிதையும் விமானத்தின் நிலை வேறு. அதன் பகுதிகள் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறுகின்றன. விமானி அபாய அறிவிப்புத் தர நேரமில்லாமற் போகிறது. பெரும்பாலும் பிழைத்தவர் எவருமில்லை. சான்றாக எஞ்சுவது உலோகம், உடல்கள், ஒலிப்பதிவு, வீழ்ந்த இடங்களின் வரைபடம் ஆகியவை மட்டுமே.

இத்தகைய எச்சங்களிலிருந்து நிகழ்வை மீட்டெடுக்கும் பணி வரலாற்று ஆய்வாளரின் பணிக்கு நெருக்கமானது. செல்லரித்த ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர், எழுதியவர் விட்ட பிழை எது, பின்னர்ப் பூச்சி அரித்த இடம் எது என்று முதலிற் பிரித்தறிய வேண்டும். விபத்து விசாரணையாளரும் விமானத்தை வீழ்த்திய சேதம் எது, வீழ்ந்ததால் நேர்ந்த சேதம் எது என்பதையே முதலிற் பிரித்தறிகிறார். இப்பகுப்பு எவ்வாறு செய்யப்பட்டது, எங்கே தடுமாறியது, தடுமாறியபோது என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு வினாக்கள்

சிதைவுக்கான காரணம் யாது என்னும் வினாவை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, விமானத்தின் எப்பகுதி முதலில் முறிந்தது? இரண்டாவது, அதை முறித்த விசை எத்தகையது? காற்றின் தாக்குதலா, நாட்பட்ட உலோகச் சோர்வா, எரிபொருள் ஆவியின் வெடிப்பா, வெடிகுண்டா? மூன்றாவது, அவ்விசை அங்கு எவ்வாறு வந்தது? வடிவமைப்புக் குறையாலா, பழுதுபார்ப்பில் நேர்ந்த தவறாலா, மனிதச் சதியாலா? நான்காவது, அதற்குப் பொறுப்பானவர் யார்?

முதல் வினாவுக்கு விடை தருவது எச்சங்களின் பரவல். விமானம் சென்ற திசையில் முதலில் கழன்ற பகுதிகள் முதலிலும், எஞ்சிய பெரும்பகுதி அதற்கு அப்பாலும் வீழும். கனமற்ற துண்டுகளைக் காற்று தள்ளிக்கொண்டுபோகும். எனவே, ஒவ்வொரு துண்டும் கிடந்த இடம், அதன் எடை, அன்றைய காற்றின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு கழன்ற வரிசை கணக்கிடப்படுகிறது. ஒரு பகுதி மற்றொன்றின்மீது மோதியபோது விட்டுச்சென்ற வண்ணப்பூச்சும் கீறலும் இவ்வரிசையை உறுதிசெய்கின்றன.

இரண்டாம் வினாவுக்கு முறிவுப் பரப்பு விடை தருகிறது. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு போன்ற நெசவூர்களில், கிழிந்த பட்டைக் கையிலெடுப்பவர் இழைகளின் நுனியைப் பார்த்தே அது கத்தியால் அறுபட்டதா, மடிப்பில் தேய்ந்து விட்டுப்போனதா என்று சொல்லிவிடுவர். உலோகத்தின் முறிவிலும் இவ்வேறுபாடு உண்டு. மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் விசையால் சிறுகச் சிறுக விரிந்த பிளவு, கடலலை மணலில் விட்டுச்செல்லும் வரிகளைப் போன்ற கோடுகளைப் பதிக்கிறது. ஒரே முறையில் மிகையான விசைக்கு ஆட்பட்டு முறிந்த பரப்பில் அவ்வரிகள் இரா. வெடிப்புக்கு மிக அருகிலிருந்த உலோகத்தில் நுண்குழிகளும், உள்ளிருந்து வெளியே இதழ்போல் மடிந்த துளைகளும் காணப்படலாம்.

மூன்றாம், நான்காம் வினாக்களுக்கு உலோகம் மட்டும் விடை தராது. ஆவணங்களும் சாட்சிகளும் நீதிமன்றமும் அவற்றுக்குத் தேவைப்படுகின்றன.

ஜகல்கோரி, 1953

உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குத் தொடங்கியது. அதில் பயன்பட்டது பிரித்தானிய டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்த காமெட் விமானம். சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற ‘யோக் விக்டர்’ என்னும் காமெட், கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து தில்லிக்குப் புறப்பட்டது. புறப்பட்ட சுமார் ஆறு நிமிடங்களில் அது கடும் இடிமழைப் புயலுக்குள் சிக்கி, ஜகல்கோரி என்னும் சிற்றூரருகே வீழ்ந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். இறக்கையற்ற விமானம் தீப்பற்றியவாறு விழுவதைத் தரையிலிருந்தோர் கண்டனர்.

இறக்கை, வால் ஆகியவற்றின் துண்டுகள் உடற்பகுதியிலிருந்து நெடுந்தொலைவு விலகிக் கிடந்தமையால், விமானம் தரையில் மோதுவதற்கு முன்பே சிதைந்தது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. எச்சங்களின் பெரும்பகுதி இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு அங்கு ஒன்றுசேர்க்கப்பட்டது. வாலின் கிடைப்பகுதியிலுள்ள இடப்பக்க உயர்த்தியின் தாங்குசட்டத்தில் முறிவு தொடங்கியதாக அறியப்பட்டது. புயலின் கடுமையான காற்றெறிவாலோ, புயலுக்குள் விமானி கட்டுப்பாட்டை மிகையாக இயக்கியதாலோ, கட்டுப்பாட்டை இழந்ததாலோ கட்டமைப்பு முறிந்தது என்பது இந்திய விசாரணை மன்றத்தின் முடிவு.

இம்முடிவின் தருக்க வடிவம் கவனத்துக்குரியது. முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. இரண்டாவதற்கு, மிகையான விசை என்னும் பொதுவிடை கிடைத்தது. மூன்றாவதில் வானிலையா, விமானியின் செயலா என்னும் தெரிவை மன்றம் திறந்தே வைத்தது. அதன் விளைவாகக் கொந்தளிப்பான காற்றில் வேகக் கட்டுப்பாடு, காமெட் விமானங்களில் வானிலை ரேடார், விமானியின் கைக்கு விசையின் அளவை உணர்த்தும் அமைப்பு ஆகியன வந்தன. உலோகச் சோர்வு அப்போது விசாரணையாளரின் கருத்தில் இடம்பெறவில்லை.

எல்பாவும் ஃபார்ன்பரோவும்

எட்டு மாதங்களுக்குப் பின், 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து கல்கத்தா உள்ளிட்ட நிலையங்களின் வழியாக வந்த ‘யோக் பீட்டர்’ காமெட், ரோமிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டு எல்பா தீவுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். காமெட் சேவை நிறுத்தப்பட்டது. எச்சங்கள் கடலடியிலிருந்து முழுமையாக மேலெடுக்கப்படுமுன்னரே, சாத்தியமான காரணங்களை ஊகித்துப் பட்டியலிட்ட குழு, தீயே பெரிதும் ஏற்கத்தக்க காரணம் எனக் கருதியது. அப்பட்டியலுக்கேற்பப் பல திருத்தங்கள் செய்யப்பட்டு மார்ச் 23 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. பதினாறு நாள்களில், ஏப்ரல் 8 அன்று, ‘யோக் யோக்’ காமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் இறந்தனர். சான்றுக்கு முந்திய முடிவின் விலை அது.

அதன்பின் சர் ஆர்னால்டு ஹால் தலைமையிலிருந்த ஃபார்ன்பரோ நிறுவனத்திடம் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. நேப்பிள்ஸ் அருகே கடல் மிக ஆழமானது. அங்கு எச்சங்களை மீட்க இயலவில்லை. எல்பாவில் பிரித்தானியக் கடற்படை நீரடித் தொலைக்காட்சிக் கருவியைப் பயன்படுத்தித் தேடி, விமானக் கட்டமைப்பில் எடையளவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை மீட்டது. துண்டுகள் ஃபார்ன்பரோவில் மரச்சட்டத்தின்மீது விமான வடிவில் பொருத்தப்பட்டன. இறக்கையில் படிந்திருந்த உடற்கூட்டு வண்ணப்பூச்சு, இறக்கை கழலுமுன்னரே பயணியர் அறை வெடித்துத் திறந்தது என்பதைக் காட்டியது. பைசாவில் பேராசிரியர் அந்தோனியோ ஃபோர்னாரி நடத்திய பிணக்கூறாய்வும் திடீர் அழுத்த இழப்புக்குரிய நுரையீரல் காயங்களைப் பதிவுசெய்திருந்தது. உடலும் உலோகமும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே செய்தியைச் சொன்னமையே அச்சான்றின் வலிமை.

அறை ஏன் வெடித்தது என்பதை அறிய ‘யோக் அங்கிள்’ என்னும் மற்றொரு காமெட் பெரிய நீர்த்தொட்டியில் வைக்கப்பட்டது. பறப்பின்போது அறைக்குள் ஏறி இறங்கும் காற்றழுத்தம் நீரழுத்தத்தால் மீண்டும் மீண்டும் போலச்செய்யப்பட்டது. நீர் அழுத்தத்தால் சுருங்காதாகையால், கூடு பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. பிளவு தொடங்கிய இடம் சான்றாக எஞ்சும். 1954 ஜூனில், முன்பு பறந்த 1,221 பறப்புகளும் தொட்டியில் நிகழ்த்தப்பட்ட 1,836 பறப்புகளுமாக 3,057 சுழற்சிகள் நிறைந்தபோது, கூடு ஒரு திறப்பின் மூலையில் கிழிந்தது. ஆகஸ்டில் இத்தாலிய மீனவர் வலையில், யோக் பீட்டரின் கூரையில் வழிகாட்டு வானொலி அலைவாங்கிக்கான சாளரம் அமைந்த துண்டு சிக்கியது. அதன் மூலையில் உலோகச் சோர்வின் அடையாளம் இருந்தது. அவ்விமானம் அழுத்தமேற்றிப் பறந்தது 1,290 முறை மட்டுமே.

பொதுவழக்கில் 1953, 1954 ஆகிய ஆண்டுகளின் மூன்று காமெட் விபத்துகளும் ஒரே காரணத்தால் நேர்ந்தனவாகச் சொல்லப்படுவதுண்டு. ஆவணங்கள் அவ்வாறு கூறவில்லை. யோக் பீட்டருக்கு முறிவுப் பரப்பே சான்று. யோக் யோக்குக்கு எச்சமில்லை; ஒப்புமையால் பெற்ற முடிவு அது. யோக் விக்டருக்கு முடிவு வேறு. மூன்று முடிவுகளின் உறுதிநிலைகளும் மூன்று வகைப்பட்டவை.

காஷ்மீர் பிரின்சஸ், 1955

1955 ஏப்ரல் 11 அன்று, பாண்டுங் மாநாட்டுக்குச் செல்லும் சீனக் குழுவினரையும் செய்தியாளரையும் ஏற்றிக்கொண்டு, ஏர் இந்தியாவின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானமான ‘காஷ்மீர் பிரின்சஸ்’ ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்டது. சுமார் ஐந்து மணி நேரத்தில், 18,000 அடி உயரத்தில், வெடிப்பொலி கேட்டது. இறக்கையில் தீ மூண்டது. கேப்டன் டி.கே. ஜதார் விமானத்தை நதுனா தீவுகளருகே கடலில் இறக்க முயன்றார். 19 பேரில் 16 பேர் மாண்டனர். துணை விமானி எம்.சி. தீட்சித், வழிகாட்டுநர் ஜே.சி. பாடக், பராமரிப்புப் பொறியாளர் அனந்த் கார்னிக் ஆகிய மூவர் பிழைத்தனர்.

இவ்விமானம் வானில் முழுமையாகச் சிதைந்ததன்று. கடலில் மோதியே உடைந்தது. எனினும் முறையியல் நோக்கில் இது ஓர் எதிர்நிலைச் சான்றாகப் பயன்படுகிறது. பிழைத்த மூவரின் வாக்குமூலம், மீட்கப்பட்ட எச்சங்கள் ஆகிய இரண்டும் விசாரணைக்குக் கிடைத்தன. வலப்பக்கச் சக்கர அறையில் நேரக்குண்டு வெடித்ததென்றும், அதில் அமெரிக்கத் தயாரிப்பான எம்கே-7 வெடிதூண்டி பயன்பட்டதென்றும் இந்தோனேசிய விசாரணைக் குழு அவ்வாண்டு மே மாதம் அறிவித்தது. கடிகாரப் பொறியின் பகுதியே எச்சங்களிடையே கிடைத்தமையால் முதல் மூன்று வினாக்களும் ஒன்றரை மாதத்தில் தீர்ந்தன. நான்காம் வினா தீரவில்லை. ஹாங்காங்கில் ஐயத்துக்குள்ளான விமானத் துப்புரவுப் பணியாளர் தைவானுக்குத் தப்பிச்சென்றார். எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

கனிஷ்கா, 1985

1985 ஜூன் 23 அன்று, மாண்ட்ரியலிலிருந்து லண்டன் வழியாகத் தில்லி நோக்கி வந்த ஏர் இந்தியா 182ஆம் விமானமான போயிங் 747 ‘கனிஷ்கா’, அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் 31,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கிரீன்விச் நேரம் 7.14 அளவில் ஷானன் கட்டுப்பாட்டு நிலையத்தின் ரேடார் திரையிலிருந்து அது மறைந்தது. 329 பேர் மாண்டனர். அவர்களுள் 268 பேர் கனடியக் குடிமக்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். கிடைத்த உடல்கள் 131. எச்சங்கள் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தன.

பன்னாட்டு நடைமுறையின்படி, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலில் நிகழும் விபத்தை விமானம் பதிவுபெற்ற நாடு விசாரிக்க வேண்டும். ஆகவே தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி பி.என். கிர்பால் தலைமையில் விசாரணை மன்றம் அமைந்தது. கனடிய விமானப் பாதுகாப்பு வாரியமும் தனியே ஆராய்ந்தது. ஜூலை 10, 11 ஆகிய நாள்களில் இரு பதிவுக் கருவிகளும் ‘ஸ்காரப்’ என்னும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியால் மேலெடுக்கப்பட்டன. அவ்வளவு ஆழத்திலிருந்து அவற்றை மீட்டது அன்றைய நிலையில் பெரும் தொழில்நுட்பச் சாதனை. கடலடி எச்சங்கள் ஒளிப்படமாகவும் காணொளியாகவும் பதிவுசெய்யப்பட்டன. ஆயினும் மேலெடுக்கப்பட்டவை சிறுபகுதியே. எல்பாவில் ஃபார்ன்பரோவுக்கு வாய்த்தது போன்ற முழு மறுசீரமைப்புக்கு இங்கு வழியில்லை.

கிடைத்த சான்றுகள் பலவகைப்பட்டவை. விமானத்தின் முற்பகுதியும் பிற்பகுதியும் நீரில் வீழுமுன்னரே பிரிந்திருந்தன. கார்க் நகரில் ஆராயப்பட்ட உடல்கள் சிலவற்றில், உயரத்தில் விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்டமைக்கும் அழுத்த இழப்புக்கும் உரிய அடையாளங்கள் காணப்பட்டன. இரு பதிவுகளும் எந்த முன்னறிகுறியும் இன்றி ஒரே கணத்தில் அறுந்திருந்தன. முற்பகுதிச் சரக்கறையை ஒட்டிய உலோகத் தகட்டில் உள்ளிருந்து வெளியே மடிந்த துளைகள் இருந்தன. பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகமும் பதிவு, உலோகம் ஆகியவற்றின் ஆய்வில் பங்கேற்றன.

இவற்றுடன் உலோகத்துக்குப் புறம்பான ஒரு சான்றும் சேர்ந்தது. கனிஷ்கா மறைவதற்கு 55 நிமிடங்களுக்கு முன், டோக்கியோவின் நரிதா நிலையத்தில், வான்கூவரிலிருந்து வந்து ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி ஒன்று வெடித்து, சுமைப் பணியாளர் இருவர் மாண்டனர். வான்கூவரிலேயே மற்றொரு பெட்டி, அதன் உரிமையாளர் விமானம் ஏறாத நிலையில், கனிஷ்காவுடன் இணையும் விமானத்தில் ஏற்றப்பட்டிருந்தது.

இரு அறிக்கைகள், இரு உறுதிநிலைகள்

1986 ஜனவரியில் கனடிய வாரியம், முற்பகுதிச் சரக்கறையில் வெடிப்பு நிகழ்ந்ததற்குச் சூழ்நிலைச் சான்றுகள் பல உள்ளன என்றும், அவை முற்றுறுதி தருவன அல்ல என்றும், வேறு எம்முடிவுக்கும் சான்று இல்லை என்றும் கருத்துரைத்தது. பிப்ரவரி 26 அன்று அளித்த அறிக்கையில் கிர்பால் மன்றம் அக்கட்டுப்பாட்டை நீக்கி, முற்பகுதிச் சரக்கறையில் வெடித்த குண்டே காரணம் என்று முடிவு கூறியது. விமானத்தின் மின்னியல் கருவிகளின் அறை முற்பகுதிச் சரக்கறைக்கு அருகில் இருப்பதால், மின்னோட்டம் ஒரே கணத்தில் அறுந்தமை அவ்விடத்து வெடிப்பைக் காட்டுகிறது என்பது அதன் வாதங்களுள் ஒன்று.

குரல்பதிவிலுள்ள பேரொலியைப் பற்றி நிபுணர் கருத்து வேறுபட்டது. பாபா மையத்தின் பகுப்பாய்வு அதை வெடிப்பொலி எனக் கண்டது. பிரித்தானிய விமான விபத்து விசாரணைப் பிரிவின் நிபுணர், உயர்வெடிபொருளுக்குரிய ஒலிக்கூறு அதில் இல்லை என்றும், திடீர் அழுத்த இழப்பின் ஒலியாகவே அதைக் கொள்ளலாம் என்றும் கருதினார்.

இவ்வேறுபாட்டின் உட்பொருளைப் பின்னாளில் நிகழ்ந்த வேறு மூன்று போயிங் 747 சிதைவுகளே தெளிவாக்கின. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் வீழ்ந்த பான் ஆம் 103இல் காரணம் வெடிகுண்டு. தரையில் 11 பேரையும் சேர்த்து 270 பேர் மாண்டனர். எச்சம் நிலத்தில் வீழ்ந்தமையால் வெடிகருவியின் மின்சுற்றுத் துண்டு வரை தேடியெடுக்க முடிந்தது. 1996 ஜூலை 17 அன்று நியூயார்க் அருகே சிதைந்த டிடபிள்யூஏ 800இல் 230 பேர் மாண்டனர். முதலில் குண்டு என்றே பலரும் ஐயுற்றனர். எச்சத்தில் 95 விழுக்காடு வரை மீட்கப்பட்டு நான்காண்டுகள் ஆராய்ந்தபின், நடு எரிபொருள் தொட்டியில் ஆவி வெடித்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அறிவித்தது. 2002 மே 25 அன்று தைவான் நீரிணையில் 225 பேருடன் சிதைந்த சைனா ஏர்லைன்ஸ் 611இல், 1980இல் வால் தரையில் உரசியபின் செய்யப்பட்ட குறைபாடான பழுதுபார்ப்பில் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் வளர்ந்த சோர்வுப் பிளவு கண்டறியப்பட்டது.

ஒரே வகை விமானம், நான்கு சிதைவுகள், காரணங்கள் மூன்று வகை. நான்கிலும் பதிவுகள் திடீரென அறுந்தன. ஆகவே பதிவு அறுந்தது என்பது சிதைவின் விரைவைக் காட்டுமேயன்றி, அதன் காரணத்தைக் காட்டாது. 1986இல் கனடிய வாரியம் தன் முடிவைக் கட்டுப்படுத்திக் கூறியது கோழைத்தனமன்று. சான்றின் எல்லையை உணர்ந்த நேர்மை எனலாம். கனிஷ்காவில் குண்டு என்னும் முடிவை நிலைநிறுத்தியது ஒலிப்பதிவு மட்டுமன்று. நரிதா வெடிப்பும் வான்கூவர்ப் பயணப்பெட்டிப் பதிவுகளும் அதனுடன் சேர்ந்தமையே.

வான்கூவர் தீர்ப்பு, 2005

இருபதாண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷ் கொலம்பியா உச்சநீதிமன்றத்தில் இப்பொருள் மீண்டும் விசாரிக்கப்பட்டது. பயணப்பெட்டி விமானத்தின் எப்பகுதியில் வைக்கப்பட்டது என்பதோடு வெடிப்பு நிகழ்ந்த இடம் பொருந்துகிறதா என்பது அரசுத் தரப்பு வழக்கின் ஒரு கண்ணி. கடலடிப் படங்களையும் மீட்கப்பட்ட துண்டுகளையும் புதிய நிபுணர்கள் மறுபடி ஆராய்ந்தனர். 2005 மார்ச் 16 அன்று தீர்ப்பளித்த நீதிபதி ஜோசப்சன், குண்டு வெடித்தது விமானத்தின் பின்பகுதியில் என்னும் ஆய்வை ஏற்றார். கிர்பால் மன்றம் சுட்டிய இடம் முற்பகுதி. குண்டு என்னும் முடிவு நிலைத்தது. அது வெடித்த இடம் மாறியது.

இம்மாற்றம் முதல் விசாரணையின் மதிப்பைக் குறைப்பதாகாது. சிதைவின் வரிசை, விசையின் தன்மை, வெடித்த இடம் ஆகியன ஒன்றுக்கொன்று தொடர்புடையவை எனினும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை என்பதையே இது காட்டுகிறது. ஒரு வினாவின் விடை திருத்தப்பட்டால் ஏனையவையும் சரிந்துவிடும் என்று கருதுவது தவறு. ஒன்று நிறுவப்பட்டால் மற்றவையும் நிறுவப்பட்டன என்று கருதுவதும் அத்தகைய தவறே.

நான்காம் வினாவின் நிலை இன்னும் வேறானது. ரிபுதமன் சிங் மாலிக், அஜாய்ப் சிங் பாக்ரி இருவரும் அத்தீர்ப்பில் விடுவிக்கப்பட்டனர். விமானம் குண்டால் வீழ்ந்தது என்பதில் நீதிமன்றத்துக்கு ஐயமில்லை; அவ்விருவரைக் குற்றத்துடன் இணைத்த சாட்சியங்களே நம்பத்தக்கனவாக இல்லை. இந்தர்ஜித் சிங் ரேயாத் ஒருவரே இவ்வழக்குகளில் தண்டனை பெற்றவர். கனடியப் பாதுகாப்பு உளவுத்துறை தான் ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்த ஒலிநாடாக்களுள் நூற்றுக்கணக்கானவற்றை அழித்துவிட்டிருந்தது. 2010 ஜூன் 17 அன்று வெளியான ஜான் மேஜர் ஆணைய அறிக்கை இத்தகைய நிறுவனத் தவறுகளை விரிவாகப் பதிவுசெய்தது. ஈராயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து குரல்பதிவு மீட்கப்பட்டது. அலுவலக அலமாரியிலிருந்த குரல்பதிவு அழிக்கப்பட்டது. உறவுகளை இழந்தோர்க்கு நான்காம் வினா விடையின்றி எஞ்சியதற்கு இவ்விழப்பும் ஒரு காரணம்.

தமிழ்நிலம் சூழ்ந்த கடல்களில்

எச்சம் கிடைக்காத நிலை தமிழர்க்கும் அறிமுகமானதே. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட லயன் ஏர் 602இல் 55 பேர் இருந்தனர். பயணியருள் பெரும்பாலோர் தமிழர். மன்னாருக்கு வடக்கே கடலில் அது மறைந்தது. ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் இவ்விமானத்தின் எச்சங்கள், போர் முடிந்தபின், 2012இல்தான் இரணைதீவுக்கு அருகே இலங்கைக் கடற்படையால் கண்டறியப்பட்டன. அங்குத் தடையாக இருந்தது கடலின் ஆழத்தைவிடப் போரே.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலில் மறைந்தது. 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தன்னியக்க நீர்மூழ்கிக் கருவி 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் எச்சங்களைப் படம்பிடித்தது. எங்கே வீழ்ந்தது என்பதற்கு அப்படங்கள் விடையளித்தன. ஏன் வீழ்ந்தது என்பதற்கு முறிவுப் பரப்பைக் கையிலெடுத்து உருப்பெருக்கியின்கீழ் வைக்க வேண்டும். ஒளிப்படம் அதற்கு ஈடாகாது. கனிஷ்கா விசாரணை எதிர்கொண்ட அதே எல்லை இங்கும் நிற்கிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு தொகுக்கப்படுகின்றன.

சிதைவு விசாரணையின் உறுதிநிலையைப் பெரிதும் தீர்மானிப்பது எச்சம் வீழ்ந்த இடம். லாக்கர்பி நிலத்திலும் எல்பாவின் ஆழங்குறைந்த கடலிலும் உலோகமே பேசியது. அயர்லாந்துக்கு அப்பாலான ஆழ்கடலில் சூழ்நிலைச் சான்றுகள் அதற்குத் துணைநிற்க வேண்டியிருந்தது.

ஒன்றையொன்று சாராத சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போதே முடிவு வலிமை பெறுகிறது. பைசாவின் பிணக்கூறாய்வும் ஃபார்ன்பரோவின் நீர்த்தொட்டியும் அவ்வாறு ஒன்றுபட்டன. தனியொரு சான்றின்மீது, அது ஒலியாயினும் ஊகமாயினும், முழுச்சுமையை ஏற்றும்போது பிழை நேர்கிறது. 1954 மார்ச்சில் காமெட் மீண்டும் பறந்ததும், ஏப்ரலில் 21 பேர் மாண்டதும் இதற்குச் சான்று.

வரலாற்றில் இவ்விபத்துகளைப் பதிவுசெய்வோர் ‘காரணம் கண்டறியப்பட்டது’ என்னும் தொடரோடு நின்றுவிடலாகாது. நான்கு வினாக்களுள் எதற்கு, எந்தச் சான்றால், எவ்வளவு உறுதியுடன் விடை கிடைத்தது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். அவ்வாறு எழுதும்போது ஜகல்கோரியின் 43 பேருக்கும் கனிஷ்காவின் 329 பேருக்கும் நேர்ந்தவற்றுள் அறிந்தது எது, இன்னும் அறியாதது எது என்பது தெளிவாகும். அறியாததை அறிந்ததாக எழுதினால் இனித் தேடவேண்டியது எதுவென்பது மறைந்துபோகும். அடுத்த விமானத்தில் பறப்போரின் பாதுகாப்பு அத்தேடலையே சார்ந்துள்ளது.